கெண்டைக்கு வாங்கின ரீல்

மீன் பிடிக்கிற ரீலைப் பற்றி உனக்கு என்ன தெரியும் என்று யாராவது கேட்டால் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். எனக்குத் தெரிந்த அளவுக்கு எங்கள் பக்கத்தில் ஆம்பளைகளிலேயே பாதிப் பேருக்குத் தெரியாது. கட்லாக் கெண்டைக்கு எந்த ரீல் தாங்கும், எது பல்லிளிக்கும், எதற்குக் கொடுக்கிற காசு தண்டம் என்று இப்போதும் கையில் வாங்கிப் பார்த்ததுமே சொல்லிவிடுவேன். தெரிந்து என்ன புண்ணியம்? ஒரே ஒரு ரீலைத்தான் நான் பொறுக்கி எடுத்தேன். நல்லதாகத்தான் எடுத்தேன். அதோடு என் படிப்பு முடிந்தது.

குற்றாலத்தில் ஒரு வக்கீலுடைய பங்களாவில் அப்பா காவல் இருந்தார். பின்பக்கத்து அவுட்ஹவுஸில் நானும் அப்பாவும் குடியிருந்தோம். அம்மா நான் ஆறாவது படிக்கும்போதே போய்ச் சேர்ந்துவிட்டாள். வக்கீலுக்குத் தொழில் திருநெல்வேலியில். கோர்ட்டுக்கு லீவு விட்டால் குடும்பத்தோடு வந்து இறங்குவார். ஊர் உலகமெல்லாம் குற்றாலத்துக்கு அருவியில் குளிக்க வரும். இவர் தூண்டில் போட வருவார். இலஞ்சிப் பக்கம் ஒரு குளத்தில் மீன் குத்தகை எடுத்தவருக்கு எப்போதோ கேஸ் ஜெயித்துக் கொடுத்திருந்தார். அதிலிருந்து அந்தக் குளம் இவருக்குச் சொந்தக் குளம் மாதிரி. அப்பாதான் கூடப் போவார். தவிடும் கடலைப் புண்ணாக்கும் சேர்த்து மாவு பிசைவது அப்பா, கம்பைச் சுமப்பது அப்பா, தக்கையைக் கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருப்பது அப்பா, பிடித்த மீனைத் தலையில் வைத்து வருவதும் அப்பா. 'நான் பிடிச்சேன்' என்று சொல்வது மட்டும் வக்கீல்.

நான் எஸ்.எஸ்.எல்.சி. பாஸ் பண்ணிவிட்டுச் சும்மா இருந்த வருஷம் அது. தென்காசிக்குப் போய்ப் படித்தேன். பஸ்ஸுக்குக் காசு இருந்த நாளில் பஸ், இல்லாத நாளில் நடை. எனக்கு டீச்சர் ஆக வேண்டும். வேறு ஒரு ஆசையும் கிடையாது. நகை நட்டு, கல்யாணம் என்றெல்லாம் அப்போது நினைத்துக்கூடப் பார்த்ததில்லை. மார்க்கும் இருந்தது. ட்ரெயினிங்கில் ஓர் இடம் வேண்டும், அதற்குச் சொல்லிவிட ஓர் ஆள் வேண்டும். வக்கீலுடைய சிநேகிதர் ஒருவர் ஒரு ட்ரெயினிங் பள்ளிக்கூடத்துக்குத் தாளாளர். இது அப்பாவுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆனாலும் எத்தனையோ வருஷ ஊழியத்தில் அப்பா வாய் திறந்து ஒன்றும் கேட்டதில்லை. அந்தத் தீபாவளிக்கு வக்கீல் வந்தபோது, முதல் தடவையாகத் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு போய்க் கேட்டார்.

வக்கீல் நல்ல சிரிப்பில் இருந்தார். "அதுக்கென்ன, பாத்துருவோம். கிறிஸ்மஸ் லீவுக்கு அவரையே இங்கன கூட்டிட்டு வாரேன். அவருக்கும் தூண்டில்னா கிறுக்கு. ரெண்டு பெரிய கெண்டை மாட்டுச்சுன்னு வையி, மனுசன் குளுந்து போயிருவாரு. அப்ப உன் மக பேச்ச எடுக்கேன். அன்னைக்கே முடிச்சிருவோம்" என்றார்.

அதற்கப்புறம்தான் ரீல் பேச்சு வந்தது. அவருடைய பழைய மர ரீல் மழையில் நனைந்து நடுவில் பிளந்துவிட்டது. மெட்ராஸில் விசாரித்திருக்கிறார், சொன்ன விலை அவருக்குக் கட்டுப்படியாகவில்லை. சாட்சிக்காரனுக்குக் காபி வாங்கிக் கொடுக்கவே யோசிக்கிற மனுஷன். செங்கோட்டையில் ஒரு கடை இருந்தது. மலைமேல் தேயிலை எஸ்டேட்டுகளை விட்டுச் சீமைக்குப் போன துரைமார்கள் விற்றுவிட்டுப் போன நாற்காலி, கடிகாரம், பீங்கான் எல்லாம் அங்கே கிடைக்கும். "அங்கன போயிப் பாரு. வெலை கம்மியா இருக்கணும். ஆனா கெண்டை இழுத்தா வக்கணையா நிக்கணும், நடுவுல காலை வாரக் கூடாது. உன் மகளையும் கூட்டிட்டுப் போ, இங்கிலீஷ் எழுத்துப் பாத்துச் சொல்லுவா" என்று பணத்தைக் கொடுத்தார். மீதியைத் திருப்பித் தர வேண்டும் என்பதையும் மறக்காமல் சொன்னார்.

அப்பாவுக்கு அன்று கால் தரையில் பாவவில்லை. "ஏட்டி, நல்லதாப் பாத்து எடுக்கணும். அந்தத் தாளாளரு கையில கொடுக்கப் போற சாமானாக்கும்" என்று பஸ்ஸில் போகும்போது திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு வந்தார்.

கடைக்காரர் புனலூர்ப் பக்கத்து ஆள். கோணிச்சாக்கு ஒன்றை உதறி மூன்று ரீல்களை எடுத்துப் போட்டார். ஒன்று மரத்தில், பித்தளைப் பூண் போட்டது. பார்க்க லட்சணம். அப்பா தொடவே இல்லை. வக்கீலுடைய ரீல் இதே ஜாதி, மழையில் நனைந்தால் வாய் பிளக்கும். இன்னொன்று பளபளவென்று வெள்ளி மாதிரி, உள்ளே பல் சக்கரம் வைத்தது. மூன்றாவது கறுப்பு, பெயின்ட் உதிர்ந்து சொறி பிடித்த மாதிரி இருந்தது. ஓர் ஆணியில் சுற்றுகிற வெறும் சக்கரம், கைப்பிடி, சுற்றும்போது கிர்ரென்று சத்தம் போடுகிற ஒரு சின்னத் தட்டு. அவ்வளவுதான் அதில் இருந்தது.

"வெள்ளியை எடுத்தோளும் அண்ணாச்சி. சீமையில இருந்து சாயிப்பு கொண்டு வந்த சாதனமாக்கும்" என்றார் கடைக்காரர்.

அப்பாவுக்கு வெள்ளி மேல்தான் கண் போனது. தாளாளர் கையில் கொடுப்பதற்கு அதுதான் கௌரவம் என்று நினைத்தார். நான்தான் விடவில்லை. "எப்பா, அழகுக்கா வாங்குதோம்? இழுத்துப் பாத்துட்டு வாங்கு" என்றேன். அங்கே குளமா இருக்கிறது, கெண்டையா இருக்கிறது? அப்பா கொஞ்சம் யோசித்தார். கையோடு கொண்டு வந்திருந்த நைலான் தூண்டில் நரம்பை வெள்ளி ரீலில் சுற்றினார். நுனியை என் கையில் கொடுத்தார். "அப்ப நீயே கெண்டையா ஓடு. கண்டபடி துள்ளாத, அது சில்லறை மீனு செய்யுத வேலை. கெண்டை முதல்ல சும்மா நவுரும், பெறவு ஒரே இழுப்பா இழுத்துக்கிட்டுப் போவும். அப்படிப் போ" என்றார்.

நான் பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு செங்கோட்டை பஜாரில் கெண்டையாக ஓடினேன். டீக்கடையில் இருந்தவர்கள் கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு எழுந்து நின்று பார்த்தார்கள். "யாருடே அது, மகளைத் தூண்டில் போட்டுப் பிடிக்கவன்?" என்று ஒருத்தர் கேட்டார். பஜாரே சிரித்தது. நானும் சிரித்துக்கொண்டே ஓடினேன். பாதியில் வெள்ளி ரீலின் பல் நழுவிக் கடகடவென்று அடித்தது, நரம்பு சிக்கிக்கொண்டது. கறுப்பை மாட்டிவிட்டு மறுபடியும் ஓடினேன். கை வலிக்க இழுத்தாலும் விட்டுக் கொடுத்துக்கொண்டே வந்தது. அப்பா விளிம்பில் கட்டைவிரலை வைத்ததும் என்னை அப்படியே நிறுத்தியது. வளைந்து திரும்பினேன், குறுக்கே ஓடினேன், சடாரென்று இழுத்தேன். ஒரு சிக்கல் இல்லை. அவலட்சணமாக இருந்ததால் அதை யாரும் எடுக்காமல் கிடந்திருக்கிறது. கடைக்காரர் கேட்ட விலையும் அதற்குத் தகுந்த மாதிரிதான் இருந்தது. என் ஆயுசில் நான் அவ்வளவு சந்தோஷமாக இருந்த நாள் வேறொன்று உண்டா என்று யோசித்துப் பார்க்கிறேன். இல்லை.

வாங்கின ரீலை அப்பா தினமும் எடுத்துத் துடைத்தார். கிறிஸ்மஸ் லீவுக்கு வக்கீலும் அவர் சம்சாரமும் வந்தார்கள். தாளாளரும் சாயங்காலம் வந்துவிட்டார். கனத்த சரீரம், சாந்தமான பேச்சு. வக்கீல் முற்றத்தில் நின்று ரீலைச் சுற்றிப் பார்த்தார். அது பாட்டுக்குச் சுற்றிக்கொண்டே இருந்தது. "பரவாயில்லையே! கொடுத்த வெலைக்கு இது தாராளம்" என்று மீதிப் பணத்தை எண்ணி வாங்கிப் பையில் போட்டார். எனக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. உள்ளே போகும்போது சம்சாரத்திடம் ரீலைக் கொடுத்து, "இதுக்கு ஒரு சொட்டு எண்ணெய் போட்டு வராந்தாவுல வையி, வெள்ளன எடுத்துட்டுப் போகணும்" என்றாராம். அது எனக்குப் பிறகுதான் தெரியும். நான் அப்போது பங்களா அடுப்படியில் இடியாப்பம் பிழிந்துகொண்டிருந்தேன். அந்த அம்மாள் வந்து அடுப்புத் திண்டில் இருந்த எண்ணெய்ப் போத்தலை எடுத்துக்கொண்டு போனாள். தலைக்குத்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

விடிவதற்கு முன்னாலேயே வக்கீலும் தாளாளரும் அப்பாவும் குளத்துக்குப் போய்விட்டார்கள். நல்ல மார்கழிக் குளிர். அங்கே நடந்ததை அப்பா எனக்குப் பிறகு சொன்னார். தாளாளர் கையில் ரீலைக் கொடுத்தபோதே கொஞ்சம் இறுக்கமாக இருந்திருக்கிறது. "புதுக் கைக்கு அப்படித்தான் இருக்கும்" என்று வக்கீல் சொல்லிவிட்டார். கையாலேயே நரம்பை உருவிவிட்டுத் தூண்டிலைப் போட்டு உட்கார்ந்தார்கள். வெகுநேரம் ஒன்றும் இல்லை. அப்புறம் தக்கை ஒரு பக்கமாக நகர்ந்தது, முங்கியது. பெரிய கட்லா, முதுகு தண்ணீருக்கு மேலே தெரிந்ததாம். தாளாளர் கம்பைத் தூக்கினார். மீன் ஒரே இழுப்பாக இழுத்தது. ரீல் சுற்றவே இல்லை. அப்பா பாய்ந்து போய்ப் பிடிப்பதற்குள் நரம்பு பட்டென்று அறுந்தது. தாளாளர் மல்லாக்க விழுந்து சேற்றில் உட்கார்ந்துவிட்டார். வேட்டியெல்லாம் சேறு. கரையில் மாடு மேய்க்கிறவன் ஒருத்தன் சிரித்திருக்கிறான். அந்தச் சிரிப்புத்தான் அவருக்குப் பொறுக்கவில்லை.

அவர் திரும்பி வந்து குளித்துவிட்டு, காபியைக்கூடத் தொடாமல் காரில் ஏறிவிட்டார். வக்கீல் அவரை வழியனுப்பிவிட்டு நேராக அப்பாவிடம் வந்தார். ரீலை அப்பாவின் காலடியில் விட்டெறிந்தார்.

"ஓட்டைச் சாமானை வாங்கிட்டு வந்து எவ்வளவுலே கமிஷன் அடிச்ச? என் மானத்தைக் கப்பலேத்திட்டியே! இந்த லெச்சணத்துல உன் மகளுக்கு சீட்டு வேணுமாக்கும், சீட்டு!"

அப்பா குனிந்து ரீலை எடுத்துக்கொண்டு அவுட்ஹவுஸுக்கு வந்து சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டார். எனக்கு நம்பவே முடியவில்லை. நான் இழுத்துப் பார்த்த ரீல் அது. எனக்குத் தெரியாததா? வாங்கிச் சுற்றினேன், அசைய மாட்டேன் என்றது. நடுத்திருகைக் கழற்றிச் சக்கரத்தை உருவினேன். உள்ளே ஆணியைச் சுற்றி வெள்ளை வெளேரென்று நெய் மாதிரி அப்பியிருந்தது. மோந்து பார்த்தேன். தேங்காய் எண்ணெய்.

எங்கள் பக்கத்தில் எண்ணெய் என்றால் தேங்காய் எண்ணெய்தான். இலஞ்சித் தோப்புக் காயை உடைத்துக் காய வைத்துச் செக்கில் ஆட்டி வருவோம். தலைக்கும் அதுதான், கதவுக் குடுமிக்கும் அதுதான், கிணற்றுக் கப்பிக்கும் தையல் மிஷினுக்கும் அதுதான். ஆனால் மார்கழி பிறந்துவிட்டால் மலைக்காற்றில் அது விடியுமுன் உறைந்து கட்டியாகிவிடும். அதனால்தான் போத்தலை அடுப்புத் திண்டிலேயே வைத்திருப்போம். திருநெல்வேலி வெக்கையில் இருக்கிற அந்த அம்மாளுக்கு அது எங்கே தெரியும்? ஒரு சொட்டுக்கு ஒரு கரண்டியாக ஊற்றி, ராத்திரி முழுக்கப் பனியில் வைத்திருக்கிறாள்.

நான் அடுப்படிக்கு ஓடினேன். "அம்மா, ரீலுக்கு இந்த எண்ணெயா போட்டீய?" என்று கேட்டேன். "ஆமா, நாந்தான் போட்டேன். வீட்டுல வேற எந்த எண்ணெய் இருக்கு?" என்றாள். விஷயத்தைச் சொன்னேன். அவள் வாசல் பக்கம் திரும்பிப் பார்த்துக்கொண்டு, "ஏட்டி, உனக்குப் புண்ணியமாப் போகும், ஐயாட்ட சொல்லிராத. என்னைக் கொன்னே போட்டுருவாவ. உன் சீட்டு விஷயம் நான் மெல்லச் சொல்லுதேன்" என்று என் கையைப் பிடித்தாள். பயந்து நடுங்குகிற பொம்பளை மேல் எனக்கும் இரக்கம் வந்தது. ஆனால் அப்பாவைத் திருடன் என்று சொல்லியாகிவிட்டதே! கையை உதறிவிட்டு வந்து, சக்கரத்தைத் திரும்ப மாட்டி, ரீலை எடுத்துக்கொண்டு நேராக வக்கீல் முன்னால் போய் நின்றேன். அப்பா, "ஏட்டி, போகாத, போகாத" என்று பின்னாலேயே ஓடி வந்தார்.

அதற்குள் நல்ல வெயில் ஏறிவிட்டது. கையில் இருந்த ரீலில் கட்டியெல்லாம் உருகி, ஒழுகிப் போயிருந்தது. நான் எண்ணெய் உறைந்த கதையைச் சொல்லச் சொல்ல, வக்கீல் ரீலை வாங்கி ஒரு சுண்டு சுண்டினார். கிர்ரென்று சுற்றியது. செங்கோட்டையில் சுற்றிய மாதிரியே சுற்றியது. இந்தச் சனியன் இப்போதுதானா சுற்ற வேண்டும்!

"நல்லாத்தானே சுத்துது? எண்ணெய் எங்கன ஒறைஞ்சு இருக்கு? காட்டு" என்றார்.

"வெயில்ல உருகிட்டு ஐயா. மோந்து பாருங்க. அம்மாதான் தெரியாம ஊத்திட்டாவ."

அவர் மோந்து பார்க்கவில்லை. உள்ளே திரும்பி, "ஏய், இதுக்குத் தேங்காண்ணெயா ஊத்துன?" என்று ஒரு அதட்டல் போட்டார். அந்த அம்மாள் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். என்னைப் பார்க்கவில்லை. "எனக்கு ஒண்ணும் தெரியாது. நான் எண்ணெயே போடல, அப்படியே கொண்டு போயி வராந்தாவுல வச்சேன்" என்றாள்.

"பொய்! இப்பத்தான என்ட்ட சொன்னீய!" என்று நான் கத்தினேன்.

"என் வீட்டுலேயே நின்னுக்கிட்டு என் பெஞ்சாதியப் பொய்க்காரிங்கியோ?" என்று வக்கீல் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார்.

அப்போதுதான் அப்பா எனக்கும் அவருக்கும் நடுவில் வந்து நின்றார். கையெடுத்துக் கும்பிட்டார். "ஐயா, நாந்தான் ஊத்துனேன். கிறுக்குத்தனமா நாந்தான் ஊத்திட்டேன். பிள்ளை அறியாம உளறுது, மனசுல வச்சுக்கிடாதிய. எங்களை வெளிய போகச் சொல்லிராதிய ஐயா" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, பளாரென்று ஓர் அறை விட்டார். அதுவரைக்கும் அவர் என்னை அடித்ததே இல்லை. "அம்மா கால்ல விழுட்டி" என்றார்.

விழுந்தேன். விழாமல் எங்கே போக? அந்த அவுட்ஹவுஸை விட்டால் எங்களுக்கு நிற்க நிழல் கிடையாது. காலடியில் கிடந்தபோது அந்த அம்மாளின் கால்விரல் நடுங்குவது தெரிந்தது. நடுங்கட்டும் என்று நினைத்தேன். இத்தனை வருஷத்துக்குப் பிறகும் எனக்கு அவளை மன்னிக்க மனசு வரவில்லை.

"அப்படி வா வழிக்கு. திருட்டுக்கழுதை, மொதல்லயே ஒத்துக்கிட்டா என்ன?" என்று வக்கீல் உட்கார்ந்தார். எங்களைப் போகச் சொல்லவில்லை. அவ்வளவு குறைந்த சம்பளத்துக்கு வேறு ஆள் கிடைக்காது. சீட்டுப் பேச்சு அதோடு முடிந்தது. ராத்திரி அப்பா சாப்பிடவில்லை. "வேற வழி தெரியலைட்டி" என்று மட்டும் சொன்னார். ஆனி மாசம் ட்ரெயினிங்குக்குப் பிள்ளைகள் டிரங்குப் பெட்டியோடு தென்காசி ஸ்டேஷனில் ரயிலேறினார்கள் என்று என் கூடப் படித்த பிள்ளை வந்து சொன்னாள். அவளும் அதே ரயிலில்தான் மறுநாள் போகிறாள் என்பதைச் சொல்லக் கூச்சப்பட்டுக்கொண்டு சொன்னாள்.

ரீலை வக்கீல் தூர எறிந்துவிடவில்லை. மதுரையிலிருந்து மிஷின் எண்ணெய் வாங்கி வந்து போட்டு, அவர்தான் வைத்துக்கொண்டார். அந்த வருஷச் சாரல் சீசனுக்கு வந்தவர் கெண்டையாகப் பிடித்துத் தள்ளினார். அது ஒருநாளும் சிக்கவில்லை, நழுவவில்லை. மெட்ராஸிலிருந்து ஒரு ஜட்ஜ் வந்து தங்கியிருந்தார். வராந்தாவில் உட்கார்ந்து அந்த ரீலைச் சுற்றிப் பார்த்து, எங்கே வாங்கியது என்று கேட்டார். நான் காபி கொண்டுபோய் வைத்துக்கொண்டிருந்தேன். அப்பா படிக்கட்டில் உட்கார்ந்து நரம்பைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"செங்கோட்டைக்கு நானே போயி, ஒவ்வொண்ணா இழுத்துப் பாத்துப் பொறுக்கி எடுத்தது சார். கடைக்காரன் வேற ஒண்ணைத் தலையில கட்டப் பாத்தான், நான் விடல" என்றார் வக்கீல்.

ஜட்ஜ் சிரித்துவிட்டு என்னைப் பார்த்தார். "இந்தப் பொண்ணு படிக்குதா?" என்று கேட்டார்.

"எஸ்.எஸ்.எல்.சி. பாஸ் பண்ணியிருக்கா. டீச்சர் ட்ரெயினிங்ல சேத்துவிடணும்னு நானும் என்னமா பாடுபட்டேன் தெரியுமா சார்? இவன்தான் கெடுத்துட்டான். சொந்த மக வாழ்க்கையில மண்ணள்ளிப் போட்டுட்டான். என்னலே, நான் சொல்லுதது சரிதானே?"

அப்பா துடைப்பதை நிறுத்தவில்லை. "ஆமாய்யா" என்றார்.